ஒரு குடும்பத்துக்கு ஒரு காலிபர்

வாங்க சார், வாங்க. செருப்பை அங்கயே கழட்டிருங்க. இல்ல, வேணாம், போட்டுக்கிட்டே வாங்க, தரையெல்லாம் முள்ளு கெடக்கு. இந்த நாற்காலியில உக்காருங்க, அது ஒரு கால் ஆடும். வண்டியிலருந்து என்னமோ எடுக்கணும்னீங்களே, அப்புறம் எடுத்துக்கலாம், எங்க ஓடிப் போகுது. எழில், சாருக்கு ஒரு காபி போடு.

சொன்னாங்க சார், சொன்னாங்க. நம்ம தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் போன் பண்ணினாரு. மதுரைப் பக்கத்துக்காரர் ஒருத்தர் உங்க ஏரியாவுல நிலம் வாங்கியிருக்காரு, காட்டுப்பன்னி தொல்லை தாங்க முடியலையாம், துப்பாக்கி விஷயமா உங்களைப் பாக்க வருவாருன்னு. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இந்த டெக்சாஸ்ல நாலு தமிழன் கூடி உக்காந்தா போதும், எந்தக் காலிபர் ஒசத்தின்னு ஆரம்பிச்சிருவான். ஊர்ல ஊசி வெடிக்குத் திரி கிள்ளப் பயந்தவனெல்லாம் இங்க வந்து துப்பாக்கிப் புலவர் ஆயிட்டான்.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க சார், நான் ஒரு வரிசையா சொல்லிடறேன், அப்புறம் கேளுங்க.

காலிபர்னா ஒண்ணும் பிரம்ம ரகசியமில்ல. குண்டோட தடிமன், அவ்வளவுதான். நம்ம கேஸுக்கு மூணு இருக்கு. ஒண்ணு 223. சின்னக் குண்டு, வேகமாப் போகும், தோள்ல உதைக்காது, தோட்டா எந்தக் கடையிலயும் கெடைக்கும், விலையும் கம்மி. இன்னொண்ணு 308. அது பெரிய குண்டு. நம்ம ஆளு ஒருத்தர், டாலஸ்ல டேட்டாபேஸ் பாக்கறவரு, அதை வாங்கிட்டு வந்து இங்க ஒரு தடவை சுட்டாரு. பன்னி பொழைச்சுக்கிச்சு, அவருக்குத் தோள்பட்டையில ரத்தம் கட்டி ஒரு வாரம் கம்ப்யூட்டர்ல கை வைக்க முடியல. யானையா சார் சுடப் போறோம். மூணாவது, இந்த முந்நூறு. த்ரீ ஹண்ட்ரட் பிளாக்அவுட்டுங்கிறாங்க. அந்த சனியனைப் பத்தித்தான் இப்ப சொல்லப் போறேன்.

உங்க காதுல விழுந்திருக்கும். என் தங்கச்சி புருஷனுக்கு வலது கண்ணு போச்சு. நான்தான், இந்தப் பாலகுருதான் காரணம்னு சங்கத்துல பாதிப் பேரு பேசறான். பேசட்டும், எனக்கென்ன. ஆனா என் தங்கச்சி பூங்கோதை, கூடப் பொறந்தவ அவ ஒருத்திதான், அவளும் அப்படித்தான் நெனைக்கிறா. போன ஆயுத பூஜையிலருந்து எங்கூட ஒரு பேச்சு இல்ல. அந்தா தெரியுதுல்ல, பச்சைக் கூரை, அதான் அவ வீடு. நடுவுல ஒரு கம்பி வேலி. அவ துணி காயப்போடறது தெரியும் எனக்கு. நான் வெளிய வந்தா கூடையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுவா. வயிறு எரியுது சார். நீங்க மூணாவது மனுஷன், முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு.

அவ புருஷன் பேரு தெய்வேந்திரன். நல்ல மனுஷன், இல்லேங்கல. எம்.சி.ஏ. படிச்சவரு. ஆனா எண் கணிதப் பைத்தியம். தேனியில ஒரு ஜோசியன் இருக்கான், இவருக்கு வாட்ஸப்புல நல்ல நேரம் அனுப்பறவன். அவன் பேச்சைக் கேட்டு இங்கிலீஷ்ல பேருக்கு நடுவுல ஒரு ஹெச் சேர்த்தாரு. பாஸ்போர்ட்ல ஒரு பேரு, டிகிரியில ஒரு பேரு ஆகிப்போயி, கிரீன் கார்டு ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சு. கேட்டா, "தள்ளிப் போனதுதான் மச்சான் நல்லது, அந்த வருஷம் எனக்கு எட்டாம் எண் ஆதிக்கம்" அப்படிங்கிறாரு. இப்படிப்பட்ட ஆளு.

ரெண்டு குடும்பமும் சேர்ந்துதான் இந்த நிலத்தை வாங்கினோம். வேர்க்கடலை போட்டோம், மக்காச்சோளம் போட்டோம். பன்னி வந்துச்சு. இங்க பன்னி வர்றதுன்னா ஒண்ணு ரெண்டு இல்ல சார், குஞ்சு குளுவானோட குடும்பமே வரும். ஒரே ராத்திரியில ஒரு பாத்தியைப் புரட்டிப் போட்டுட்டுப் போயிடும், டிராக்டர் விட்டு உழுத மாதிரி இருக்கும். சரி, துப்பாக்கி வாங்குவோம்னு முடிவாச்சு. ஒரு தடவை விசையை அழுத்தினா ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானா ஏறிக்கும், அந்த மாதிரி. கூட்டமா வர்ற பன்னிக்கு அதுதான் சரி.

நான் ஆறு மாசம் படிச்சேன் சார். சும்மா இல்ல. எல்லா வீடியோவும் பாத்தேன், எவ்வளவு தூரத்துல குண்டு எவ்வளவு இறங்குது, காத்து அடிச்சா எவ்வளவு விலகுது, எல்லாம். அதுக்குள்ள ஒரு போகம் கடலையைப் பன்னி தின்னுருச்சுன்னு என் வீட்டுக்காரி எழில் குத்திக் காட்டுவா. தின்னா தின்னுட்டுப் போகுது, ஒரு பொருளை வாங்கினா ஆராஞ்சு வாங்கணும். ஆராஞ்சு, 223 வாங்கினேன். மாப்பிள்ளைகிட்டயும் சொன்னேன். "மாப்ளே, நீங்களும் இதே வாங்குங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு காலிபர். எனக்குத் தோட்டா தீந்தா உங்ககிட்ட வாங்கிக்குவேன், உங்களுக்குத் தீந்தா என்கிட்ட." நாக்குல தேன் தடவின மாதிரிதான் சொன்னேன்.

அவரு என்ன பண்ணாரு தெரியுமா? விரலை விட்டு எண்ணினாரு. "ரெண்டும் ரெண்டும் நாலு, நாலும் மூணும் ஏழு. கேது, மச்சான். எனக்கு ஆகாது" அப்படின்னாரு. சரி, 308? "மூணும் எட்டும் பதினொண்ணு, கூட்டினா ரெண்டு. சந்திரன். சஞ்சலம்." அப்புறம் எது? "முந்நூறு மச்சான். கூட்டினா மூணு. குரு. நான் பொறந்தது முப்பதாம் தேதி, அதுவும் மூணு." முடிஞ்சது. நான் ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணி எடுத்த முடிவை அவரு அஞ்சு விரல்ல எடுத்துட்டாரு. துப்பாக்கிக் காலிபரை ஜாதகம் பாத்து வாங்கின மொத ஆளு உலகத்துலயே அவராத்தான் இருக்கும். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. துப்பாக்கி வாங்கப் போறப்ப கூட வாங்க மச்சான்னு கூப்பிட்டாரு. நான் வரலைன்னுட்டேன். ராகுகாலம் பாத்துக் கடைக்குப் போற ஆளு கூட எனக்கென்ன வேலை.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும் சார். இந்த முந்நூறு இருக்கே, அது 223-ஓட தோட்டாவைக் கழுத்தறுத்து, தடிச்ச குண்டை மேல சொருகினது. அடிப்பாகம் ஒண்ணு. மேகசின் ஒண்ணு, அதாவது தோட்டா அடுக்கற டப்பா. துப்பாக்கியோட உடம்பும் ஒண்ணு. குழல் மட்டும்தான் வேற. ரெண்டையும் பக்கத்துல வச்சா ரெட்டையாப் பொறந்த அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அந்தத் தோட்டாவை இந்தத் துப்பாக்கியில போட்டா, தடிச்ச குண்டு சின்னக் குழல்ல எப்படிப் போகும்? போகாது, வெடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாம இல்ல சார். மாப்பிள்ளைக்கே இதைச் சொன்னது நான்தான். "ஒரு நாள் கலந்துரும் மாப்ளே, அன்னைக்குத் தெரியும்"னு சொன்னேன். சொன்னேனா இல்லையா எழில்? பாத்தீங்களா, இந்தக் கதையை ஆரம்பிச்சா காபியை வச்சுட்டு உள்ள போயிடுவா.

குடிங்க சார். சக்கரை போதுமா? என்ன? இருங்க, இருங்க, முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன்.

துப்பாக்கி வாங்கிட்டு வந்தாரா, பாத்தா அவரு மேகசின் எல்லாத்துலயும் மஞ்சள் டேப்பு சுத்தியிருக்கு. பளிச்சுன்னு, எலுமிச்சம்பழ மஞ்சள். எனக்குப் புரிஞ்சு போச்சு. குருவுக்கு மஞ்சள்தானே. வியாழக்கிழமை மஞ்சள் சட்டை போடுவாரு, விரல்ல மஞ்சள் புஷ்பராகம், கைக்குட்டை கூட மஞ்சள். இப்ப மேகசினுக்கும் மஞ்சள் கட்டியாச்சு. காப்புக் கட்டின மாதிரி. நான் ஒண்ணும் சொல்லல, சிரிச்சேன், அவ்வளவுதான். "என்ன மாப்ளே, மேகசினுக்குக் கல்யாணமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டேன். அவரும் சிரிச்சாரு. அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?

ஆயுத பூஜை வந்துச்சு. நம்ம வீட்லதான் வருஷா வருஷம். ஊர்லன்னா அருவாள், மண்வெட்டி, சைக்கிள் வைப்போம். இங்க டிராக்டர், லேப்டாப், வண்டிச் சாவி, துப்பாக்கி. நான் துப்பாக்கி ரெண்டையும் தோட்டா இல்லாம தொடைச்சு, சாமி படத்துக்கு முன்னால சாத்தி வச்சேன். அதெல்லாம் கரெக்டா இருப்பேன். மேகசின் எல்லாத்தையும் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்துல அடுக்கினேன், தோட்டாவோட. வெறும் மேகசினுக்குப் பூஜை போடறது காலிச் சட்டிக்குப் படையல் போடற மாதிரி இல்லையா? என்னுது பாதி, அவருது பாதி. சந்தனம் வைக்கப் போறேன், அவரோடதுல அந்த மஞ்சள் டேப்பு. பிளாஸ்டிக் மேல சந்தனம் நிக்குமா? வழுக்குது. குங்குமம் உதிருது. எனக்கு எரிச்சலாப் போச்சு. சரஸ்வதிக்கு முன்னால தேனி ஜோசியனோட டேப்பு எதுக்கு? பிடிச்சு உரிச்சுப் போட்டேன், ஒண்ணு விடாம. எல்லாம் சுத்தமா, கறுப்பா, ஒரே மாதிரி, வரிசையா, சந்தனப் பொட்டு குங்குமப் பொட்டோட. பாக்கவே அவ்வளவு லட்சணமா இருந்துச்சு.

மாப்பிள்ளை அப்பத்தான் உள்ள வந்தாரு. பொரி கடலை தட்டோட. தாம்பாளத்தைப் பாத்துட்டு, "மச்சான், அந்த டேப்பு வந்து..."ன்னாரு. நான் சொன்னேன், "மாப்ளே, குருவெல்லாம் நாளைக்கு. இன்னைக்கு சரஸ்வதி." எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் வாயை மூடிக்கிட்டாரு. இப்ப சொல்றாங்க, அவரு சொல்ல வந்தாராம், நான் விடலையாம். சொல்ல வந்தா சொல்லிட வேண்டியதுதானே சார். யாரு அவரு வாயைப் பொத்தினது?

மறுநாள் காலையில மறுபூஜை முடிச்சு, திருஷ்டிப் பூசணிக்காய் சுத்தினோம். நானே சுத்தினேன். ரோட்ல போட்டு ஒடைக்கணும், இங்க ஒடைச்சா கார்க்காரன் சறுக்கி விழுந்து கேஸு போடுவான். எனக்கு ஒரு யோசனை. வேலிக்கு அந்தாண்ட மேட்டுல வச்சு சுட்டு ஒடைப்போம்னேன். பிள்ளைங்களெல்லாம் கைதட்டுது. மாப்பிள்ளை அவரு துப்பாக்கியை எடுக்கப் போனாரு. நான் விடல. "இந்த ஒரு தடவை என்னுதுல சுடுங்க மாப்ளே. கேது எப்படி உடைக்குதுன்னு பாருங்க"ன்னேன். நம்ம 223 எவ்வளவு மெதுவா உதைக்கும்னு அவருக்குத் தெரியணுமில்ல? தாம்பாளத்துலருந்து ஒரு மேகசினை நானே எடுத்து மாட்டிக் கொடுத்தேன். மரியாதைக்கு. வீட்டு மாப்பிள்ளை இல்லையா.

தோட்டா ஏத்தற கைப்பிடியை இழுத்து விட்டாரு. தோட்டா முக்கால்வாசி போயி நின்னுக்கிச்சு. தோட்டாவுக்குப் பின்னால இருக்கற அடைப்பு முழுசா மூடல. "மச்சான், சரியா ஏறலையே, எறக்கிப் பாப்போமா"ன்னாரு. புதுத் துப்பாக்கியில அது சகஜம் சார், கொஞ்சம் சந்தனம் கிந்தனம் போயிருக்கும். அதுக்குத்தான் பக்கத்துல ஒரு குமிழ் இருக்கு, உள்ளங்கையால தட்டினா உள்ள போயிடும். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நானும் அதைத்தான் சொன்னேன். "தட்டுங்க மாப்ளே, நல்லாத் தட்டுங்க. பயப்படாதீங்க." தட்டினாரு. ரெண்டு தட்டு. போயிருச்சு.

அப்புறம் அந்தச் சத்தம். துப்பாக்கிச் சத்தமில்ல சார் அது. குக்கர் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். மேகசின் பிச்சுக்கிட்டு அவரு கால்கிட்ட விழுந்துச்சு. பக்கவாட்டுல இரும்பு கிழிஞ்சு நிக்குது. மாப்பிள்ளை மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அப்படியே மண்டி போட்டுட்டாரு. விரல் இடுக்குல ரத்தம். சுடறப்ப அவரு கண்ணுக்குப் போடற பாதுகாப்புக் கண்ணாடி வண்டியிலயே கெடந்துச்சு, பூஜை அவசரத்துல யாருக்கு ஞாபகம். பூங்கோதை ஓடி வந்தா. அவ கத்தல. அதான் எனக்கு இன்னும் காதுல கேக்குது, அவ கத்தாதது. மேட்டுல பூசணிக்காய் முழுசா உக்காந்திருக்கு, ஒரு கீறல் இல்ல. சுத்தின காயை ஒடைக்காம விட்டா சும்மா விடுமா?

ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து, கண்ணைக் காப்பாத்த முடியலன்னுட்டாரு. நான் பூங்கோதை பக்கத்துல போயி உக்காந்தேன். தோள்ல கை வச்சேன். அவ திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அண்ணே, அந்த டேப்பை யாரு உரிச்சா?"

நான் பொய் சொல்ற ஆளில்ல. "நான்தான்மா, சந்தனம் வைக்க"ன்னேன்.

"அது கடைக்காரர் சுத்திக் கொடுத்தது. பக்கத்து வீட்ல 223 இருக்குன்னு இவரு சொன்னதும், ரெண்டும் கலந்துரக் கூடாதுன்னு அந்த மனுஷன் தன் கையால சுத்தினாரு." அவ்வளவுதான் சொன்னா. என் கையை எடுத்து விட்டா. அன்னைக்கோட சரி.

இப்ப நீங்க சொல்லுங்க சார். டேப்பா வெடிச்சுச்சு? வெடிச்சது தோட்டா. அந்தத் தோட்டாவை இந்த நிலத்துக்குக் கொண்டாந்தது யாரு? நான் சொன்ன மாதிரி அவரும் 223 வாங்கியிருந்தா, தாம்பாளத்துல எப்படிக் கலந்தா என்ன, என்னுதை அவரு போட்டா என்ன, அவருதை நான் போட்டா என்ன? பூசணிக்காய் ஒடைஞ்சிருக்கும், எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கியிருப்போம். மூல காரணம் என்ன? எண் கணிதம். இதைச் சொன்னா, கண்ணு போன மனுஷனைப் போயி குத்தம் சொல்றியேங்கிறாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லல சார். அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. திட்டினா பதில் சொல்லலாம். வேலியோரம் பாத்தா, "நல்லா இருக்கீங்களா மச்சான்"ங்கிறாரு, ஒத்தைக் கண்ணால சிரிக்கிறாரு. துப்பாக்கியை வித்துட்டு கரண்ட் வேலி போட்டுட்டாரு. அங்க போக முடியாத பன்னியெல்லாம் இப்ப என் கடலைக்கு வருது.

சரி, கதை முடிஞ்சது. இதுலருந்து உங்களுக்கு என்ன தெரியுது? 223 வாங்குங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. இப்ப சொல்லுங்க, வந்ததுலருந்து நாலு தடவை வாயெடுத்தீங்க.

என்னது, வாங்கியாச்சா? எப்ப? எது?

முந்நூறா.

இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்? வண்டியில இருக்கறது அதுதானா? யாரு சொல்லி வாங்கினீங்க, மாப்பிள்ளையா? யாரும் சொல்லல, கடையில அதுதான் இருந்துச்சா. நல்ல கூத்து. ஆமா, நீங்க பொறந்தது என்ன தேதி? பதினாறா? ஒண்ணும் ஆறும் ஏழு. அட, ஏழு சார் உங்களுக்கு. 223 அச்சுல வார்த்த மாதிரி பொருந்தியிருக்கும். நான் நம்பறதில்ல, சும்மா ஒரு கணக்குக்குச் சொல்றேன்.

பையிலருந்து என்ன எடுக்கறீங்க? டேப்பு. மஞ்சள் டேப்பு, முழு உருளை. யாரு கொடுத்தா?

பூங்கோதையா? வழி கேக்க அங்க போனீங்களா? என்கிட்டயா கொடுக்கச் சொன்னா? என்ன சொன்னா, அப்படியே சொல்லுங்க. "அண்ணன்கிட்ட கொடுத்துருங்க." அண்ணன்னே சொன்னாளா, பாலகுருன்னு சொல்லலையே? அண்ணன்னுதான் சொன்னாளா. அப்புறம்? அப்புறம் ஒண்ணுமில்லையா. ம்.

எழில், இங்க வா. வந்து பாரு. ஒரு வருஷம் கழிச்சு என் தங்கச்சி எனக்கு ஒரு பொருள் கொடுத்து விட்டிருக்கா. அதுவும் என்ன கலர் பாத்தியா, மஞ்சள். மங்கலம் சார். பொறந்த வீட்டு மேல கோவம் தீந்து போச்சுன்னு வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, மஞ்சளைக் கொடுத்து விட்டிருக்கா. எனக்குத் தெரியாதா அவளை. எழில், இதைப் பிரிக்காம சாமி ரூம்ல வை, குங்குமச் சிமிழ் பக்கத்துல. ஏன் அப்படிப் பாக்கற? கொண்டு போயி வை.

மனசு நெறஞ்சு போச்சு சார். நீங்க வந்த நேரம். வர்ற வாரம் ஆயுத பூஜை, பூங்கோதையும் வருவா பாருங்க. நீங்களும் குடும்பத்தோட வந்துருங்க. உங்க துப்பாக்கி, மேகசின் எல்லாத்தையும் கொண்டாங்க, நான் புதுசா ஒரு 223 வாங்கியிருக்கேன், ஒரே தாம்பாளத்துல வச்சுருவோம். உங்க மேகசின்லயும் அவ டேப்பு சுத்திக் கொடுத்தாளா? பரவால்ல, அன்னைக்கு மட்டும் உரிச்சுட்டுக் கொண்டாங்க, சந்தனம் நிக்க மாட்டேங்குது.